கலங்கின தண்ணியும் ஆறு பாட்டிலும்: லேப்ல பாத்தத கிளாஸுக்கு கொண்டு வர ஒரு முழு வழிகாட்டி

ஒரு மே மாச லீவுல மூணு வாரம், பக்கத்து டவுன்ல இருக்கிற ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல போய் உக்காந்துட்டு வந்தேன். அங்க ப்ராஜெக்ட் பண்ற பசங்களோட சேர்ந்து பீக்கர் கழுவுறதுல இருந்து ரீடிங் எழுதுறது வரைக்கும் எல்லா வேலையும் பாத்தேன். ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் அதே சூட்டோட ஒம்பதாங்கிளாஸ்ல நாப்பது ஸ்லைடு ஓட்டுனேன், மெஷின் படம், கிராஃப் படம், நான் வெள்ளை கோட் போட்டு நிக்கிற படம்னு. பத்தாவது ஸ்லைடுலயே கடைசி பெஞ்ச் தூங்கிடுச்சு. முடிஞ்சதும் ஒரு பொண்ணு மட்டும் கை தூக்குச்சு, ஆகா கேள்வி வருதுன்னு பாத்தா "சார், அந்த கோட் உங்களுதா?"

என் தப்பு என்னன்னு புரிய ஒரு மாசம் ஆச்சு. லேப்ல என்னை புடிச்சு இழுத்தது மெஷினே இல்ல. அங்க முதல் நாள், "கலங்கல் தெளிய லிட்டருக்கு எவ்ளோ படிகாரம் போடணும்"னு லேப் டெக்னீசியன் அண்ணன்கிட்ட கேட்டேன், புக்ல ஒரு நம்பர் இருக்கும், சொல்லிடுவாருன்னு நெனச்சேன். அவரு "இன்னைக்கு வந்த தண்ணிய பாத்தாதான் சார் தெரியும்"னாரு. நேத்து மழை பேஞ்சிருந்தா ஒண்ணு, பேயலைன்னா வேற ஒண்ணு. பதினோரு வருஷமா புக்ல இருக்கிற விடைய போர்டுல எழுதிப்போட்ட எனக்கு அது ஒரு அடி மாதிரி இருந்துச்சு. பசங்களுக்கு கொண்டு போய் காட்ட வேண்டியது அந்த அடியத்தான், நான் கொண்டு போனது போட்டோ ஆல்பம்.

அப்புறம் மூணு வருஷமா ஒவ்வொரு பேட்ச்லயும் மாத்தி மாத்தி செஞ்சு பாத்து வந்து நின்ன முறைதான் கீழ இருக்கிறது. என் உதாரணம் தண்ணி, உங்களுது பாலமா இருக்கலாம் பால் பண்ணையா இருக்கலாம், வழி ஒண்ணுதான்.

1. முதல்ல ஒரு எடத்துல போய் உக்காருங்க

ஒரு நாள் டூர் போறது கணக்குல வராது. டூர்ல எல்லாம் ஒழுங்கா ஓடுற மாதிரிதான் காட்டுவாங்க. குறைஞ்சது அஞ்சாறு நாள் ஒரே எடத்துல இருந்தாதான் ஏதாவது ஒண்ணு சொதப்பும், அது சொதப்புறத நீங்க பாக்கணும், அதுக்குத்தான் போறீங்க.

எங்க போறதுன்னு ரொம்ப யோசிக்க வேணாம். ஐஐடிதான் வேணும்னு இல்ல. பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ், பாலிடெக்னிக், குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட டெஸ்டிங் லேப், ஆவின் பிளாண்ட், சர்க்கரை ஆலை, ஈபி சப்ஸ்டேஷன், வேளாண் அறிவியல் நிலையம், லேத் பட்டறை கூட ஓகே. ஹெச்எம் கையெழுத்தோட ஒரு லெட்டர், அதுல "சும்மா பாக்க வரேன்"னு எழுதாம "இத்தனை நாள், இந்த வேலைய கூட இருந்து கத்துக்கிட்டு ஒம்பதாங்கிளாஸுக்கு ஒரு பாடம் தயார் பண்ண போறேன்"னு எழுதுங்க. நான் நாலு எடத்துல கேட்டேன், ரெண்டு எடத்துல பதிலே இல்ல, ஒரு எடத்துல வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க, நாலாவது எடம் கெடச்சது.

அமெரிக்காவுல இதுக்குன்னே தேசிய அறிவியல் ஃபவுண்டேஷன் காசு குடுக்குது. ஸ்கூல் டீச்சருங்கள கோடை லீவுல யுனிவர்சிட்டி ஆராய்ச்சியில சேத்துவிட்டு, அங்க கத்துக்கிட்டத பாடமா எழுதி கிளாஸுக்கு கொண்டு போகச் சொல்ற திட்டம், பல வருஷமா ஓடுது. நமக்கு பஸ் காசு நம்ம பையில இருந்துதான்.

2. அங்க இருக்கும்போது எதை எழுதணும்

ஒரு அறுபது பக்க நோட்டு போதும். போட்டோ எடுங்க, ஆனா நம்பாதீங்க, எனக்கு இருநூத்தி சொச்சம் போட்டோ இருந்தும் ஒண்ணும் உதவல. நோட்டுல தினமும் சாயங்காலம் இதைத்தான் எழுதணும்: இன்னைக்கு இவங்க எந்த எடத்துல நின்னு யோசிச்சாங்க? எதை ரெண்டாவது தடவ செஞ்சாங்க, ஏன்? எது இல்லாததால வேற வழியில போனாங்க?

என் நோட்டுல இருந்து ஒரு பக்கம் சொல்றேன். மூணாவது நாள் ஒரு எம்இ பொண்ணு ஆறு ஜார்லயும் படிகாரம் போட்டு ஓட்டுச்சு, ஒண்ணுலயும் சரியா பஞ்சு மாதிரி திரளே வரல. அரை மணி நேரம் எல்லாரும் தலைய சொறிஞ்சாங்க. அப்புறம்தான் தெரிஞ்சது, மண்ணு கரைக்க எடுத்த தண்ணி ஆர்ஓ தண்ணி, அதாவது உப்பெல்லாம் வடிச்சு எடுத்தது. படிகாரம் வேலை செய்யுறப்ப தண்ணியில இருக்கிற பைகார்பனேட்ட சாப்பிடும், அது இல்லைன்னா தண்ணி புளிச்சு போயிடும், அதாவது பிஎச் கீழ இறங்கிடும், துகள திரட்டுற அலுமினியம் ஹைட்ராக்சைடு ஒழுங்கா உருவாகாது. கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் சேத்து மறுபடி ஓட்டுனாங்க, அஞ்சு நிமிஷத்துல திரண்டு வந்துச்சு. சோடியம் பைகார்பனேட்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம வீட்டு ஆப்ப சோடாதான்.

இந்த ஒரு பக்கம்தான் பின்னாடி எனக்கு மூணு பீரியட் பாடமா ஆச்சு.

3. போர்ஷன்ல எங்க ஒட்டும்னு பாருங்க

இங்கதான் நெறய பேரு விட்டுடுறாங்க. "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா போர்ஷன் யாரு முடிக்கிறது"ன்னு ஸ்டாஃப் ரூம்ல கேப்பாங்க, நியாயமான கேள்விதான். அதனால பாடத்துக்கு வெளிய ஒரு ஷோ மாதிரி வெக்காதீங்க, ஏற்கனவே நடத்தியே ஆகவேண்டிய ஒரு பாடத்த தூக்கிட்டு அந்த எடத்துல இதை வையுங்க.

தண்ணிக்கு ஒம்பதாங்கிளாஸ்ல எடம் ரெடியா இருக்கு, தொங்கல் (துகள் கொஞ்ச நேரத்துல கீழ படியுறது), கூழ்மம் (படியாம மெதக்குறது), டிண்டால் விளைவு (துகள் வெளிச்சத்த சிதறடிக்கிறது) வர்ற பாடம். அந்த பாடத்த நான் வழக்கமா ரெண்டரை பீரியட்ல முடிப்பேன், இப்ப நாலு ஆகுது. கூடுதலா போறது ஒண்ணரை பீரியட்தான், ஹெச்எம்கிட்டயும் இந்த கணக்கத்தான் சொன்னேன். பன்னெண்டாவது எடுக்கிறவங்க புறப்பரப்பு வேதியியல்ல இதையே இன்னும் ஆழமா கொண்டு போகலாம், மூணு மின்சுமை இருக்கிற அலுமினியம் அயனி ஒத்த சுமை சோடியத்த விட ஏன் இவ்ளோ பலமா கூழ்மத்த திரள வெக்குதுங்கிறது அங்க நேரா வருது.

ஒரே ஒரு கருத்து, ஒரே ஒரு முடிவெடுக்கிற எடம். ரெண்ட தாண்டாதீங்க. நான் முதல் வருஷம் பிஎச், டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரின் எல்லாத்தையும் ஒண்ணா திணிச்சேன், பசங்க கையில கலர் கலரா நம்பர் இருந்துச்சு, மண்டையில ஒண்ணும் நிக்கல.

4. லேப்ப சுருக்குங்க, கேள்விய சுருக்காதீங்க

லேப்ல இதுக்கு ஜார் டெஸ்ட்னு பேரு. ஆறு ஜார், ஆறுலயும் ஒரே தண்ணி, படிகாரம் மட்டும் வேற வேற அளவு. மோட்டார் வெச்ச துடுப்பு ஆறும் ஒரே வேகத்துல சுத்தும். முதல்ல ஒரு நிமிஷம் வேகமா, நிமிஷத்துக்கு 100 சுத்து கணக்குல, அப்புறம் பதினஞ்சு இருபது நிமிஷம் மெதுவா 30 சுத்து, அப்புறம் அரை மணி நேரம் ஆடாம வெக்கணும். எந்த ஜார் குறைஞ்ச மருந்துல நல்லா தெளிஞ்சுதோ அதுதான் அன்னைக்கு பிளாண்ட்ல போடுற அளவு. பெரிய பெரிய குடிநீர் பிளாண்ட் எல்லாம் இந்த ஆறு ஜார நம்பித்தான் ஓடுது, எனக்கு அதுவே பெரிய ஆச்சரியம்.

ஸ்கூல்ல இதுக்கு வேண்டியது: ஒரே சைஸ் ஒரு லிட்டர் தெளிவான பிளாஸ்டிக் பாட்டில் ஆறு, மேல கழுத்த வெட்டிட்டு ஓரத்துல டேப் ஒட்டிடுங்க, இல்லன்னா கை கிழியும். கலக்குறதுக்கு ஸ்கேல். மருந்து அளக்க ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச். நாட்டு மருந்து கடையில இல்ல மளிகை கடையில படிகாரம். கண்மாய் மண்ணு. அவ்ளோதான்.

படிகார கரைசல் செய்யுறதுல ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு. 10 கிராம் படிகாரத்த பொடி பண்ணி ஒரு லிட்டர் தண்ணியில கரைங்க. இப்ப ஒவ்வொரு மில்லியிலயும் 10 மில்லிகிராம் இருக்கும். பாட்டில்ல அரை லிட்டர் கலங்கல் எடுத்தா, 1 மில்லி ஊத்துனா லிட்டருக்கு 20 மில்லிகிராம் கணக்கு. நான் வெக்கிற ஆறு அளவு 0, 10, 20, 40, 60, 100. அதாவது சிரிஞ்ச்ல 0, அரை, 1, 2, 3, 5 மில்லி. அந்த சைஃபர் பாட்டில தயவு செஞ்சு விட்டுடாதீங்க, ஒண்ணும் போடாததும் தானா கொஞ்சம் தெளியும், அதை பக்கத்துல வெச்சு பாத்தாதான் மருந்து என்ன பண்ணுச்சுன்னு தெரியும்.

கலங்கல் தண்ணி தயார் பண்றப்ப, வாளியில ரெண்டு கை மண்ண போட்டு கலக்கிட்டு அப்படியே எடுத்துடாதீங்க. ஒரு மணி நேரம் விடுங்க, மணலும் பெரிய துகளும் கீழ போயிடும், மேல நிக்கிற டீ கலர் தண்ணிய மட்டும் எடுங்க. அடம்புடிச்சு மெதக்குற களிமண்ணுதான் நமக்கு வேணும். தண்ணி போர் தண்ணியோ குழாய் தண்ணியோ எடுங்க, கேன் தண்ணி வேணாம், ஏன்னு மேல சொன்ன எம்இ பொண்ணு கதை ஞாபகம் இருக்கட்டும்.

5. கிளாஸுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ செஞ்சு பாருங்க

ஞாயித்துக்கிழமை வீட்டு சமையலறையில செஞ்சேன், வீட்டுல திட்டு வாங்குனேன், ஆனா செஞ்சது நல்லதா போச்சு. எங்க ஊரு கண்மாய் மண்ணு 40ல நல்லா தெளிஞ்சது, 20ல பாதி, 100ல 40க்கும் அதுக்கும் பெரிசா வித்தியாசமே இல்ல. உங்க மண்ணுக்கு இது மாறும், சில மண்ணுல மருந்து கூடிப்போனா மறுபடி கலங்க ஆரம்பிக்கும். களிமண் துகளுக்கு எதிர்மின் சுமை, அலுமினியம் நேர்மின் சுமை, அளவா போட்டா ஒண்ண ஒண்ணு சமன் பண்ணி ஒட்டிக்கும், அளவுக்கு மீறினா துகள் மேல நேர்மின் சுமையே ஏறி மறுபடி ஒண்ண ஒண்ணு தள்ள ஆரம்பிச்சுடும்.

உங்க மண்ணுல ஆறு பாட்டிலும் ஒரே மாதிரி வந்தா அளவ மாத்துங்க. குறைஞ்சது ரெண்டு பாட்டில் "ம்ஹூம்"னும், ரெண்டு "ஆகா"ன்னும், ரெண்டு சண்டை போடுற மாதிரியும் வரணும். அந்த சண்டை பாட்டில் ரெண்டும்தான் பாடத்த நடத்தும்.

6. முதல் பீரியட்: கலக்குறது

டைம் பிரச்சனைதான் பெரிய பிரச்சனை. வேகமா கலக்கி மெதுவா கலக்கி அரை மணி நேரம் தெளிய விட்டா, நாப்பது நிமிஷ பீரியட்ல அட்டெண்டன்ஸ் எடுக்க கூட நேரம் இருக்காது. என் வழி, மத்தியான சாப்பாட்டுக்கு முந்தின பீரியட்ட வாங்கிக்கிறது. பசங்க கலக்கிட்டு சாப்பிட போயிடுவாங்க, பாட்டில் தெளிஞ்சுட்டு இருக்கும், திரும்பி வந்து அடுத்த பீரியட்ல பாக்கலாம். தமிழ் ஐயாகிட்ட கெஞ்சி அந்த பீரியட்ட மாத்தி வாங்குனேன், பதிலுக்கு அவருக்கு ரெண்டு பீரியட் குடுத்தேன், அதையும் சொல்லிடுறேன்.

முதல் வருஷம் ஆறு குரூப்புக்கும் ஆறாறு பாட்டில் குடுத்தேன், 36 பாட்டில், தரையெல்லாம் சேறு, ஒரு டேட்டாவும் உருப்படியா இல்ல. இப்ப மொத்த கிளாஸுக்கே ஆறு பாட்டில்தான், குரூப்புக்கு ஒண்ணு. ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு அளவு. அப்ப என்ன ஆகும்னா, யாருக்குமே தனியா விடை கெடைக்காது, ஆறு பேரு சொல்றதையும் சேத்தாதான் கிராஃபே வரும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போர்டுல பாடத் தலைப்பு எழுதாதீங்க. நான் கேக்குறது இதுதான்: "நம்ம ஊருக்கு கண்மாய் தண்ணிதான் இனிமே குடிதண்ணின்னு வெச்சுக்கோங்க, ஒரு லட்சம் லிட்டர் டேங்க், அதுல நாளைக்கு காலையில எத்தனை கிலோ படிகாரம் கொட்டணும்?" ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, ஒரு மூட்டைன்னு ஒருத்தன், ஒரு கைப்பிடின்னு ஒருத்தி. எல்லாத்தையும் போர்டு ஓரத்துல எழுதி வையுங்க, அழிக்காதீங்க.

ஒரு பையன கடிகாரம் புடிக்க சொல்லுங்க, ஒரு பொண்ணு தாளம் போடட்டும், எல்லா குரூப்பும் அந்த தாளத்துக்கு கலக்கணும். வேகமா ஒரு நிமிஷம், அப்புறம் ரெண்டு செகண்டுக்கு ஒரு சுத்து. மெதுவா கலக்குறப்பத்தான் கண்ணுக்கு முன்னாடி பஞ்சு பஞ்சா திரளும், அந்த நேரத்துல நீங்க வாய தொறக்காதீங்க, "சார் சார் வருது"ன்னு அவங்களே கத்துவாங்க. எப்பவும் ஒரு குரூப் அவசரப்பட்டு வேகமா கலக்கி திரண்டத எல்லாம் ஒடச்சிடும். திட்டாதீங்க, அது நல்ல டேட்டா.

7. ரெண்டாவது பீரியட்: எது தெளிஞ்சதுன்னு எப்படி சொல்றது

இதைத்தான் நான் ரொம்ப ரசிச்சு செய்யுறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

சாப்பிட்டு வந்ததும் முதல்ல கண்ணால மார்க் போட சொல்லுங்க. கண்ணாஸ்பத்திரி சார்ட் மாதிரி பெரிய எழுத்துல இருந்து சின்ன எழுத்து வரைக்கும் ஒரு பேப்பர்ல அடிச்சு பாட்டிலுக்கு பின்னாடி ஒட்டுனா, எந்த வரி வரைக்கும் படிக்க முடியுதோ அதுதான் மார்க். 0ம் 10ம் ஈஸி, ஒண்ணும் தெரியாது. 40ம் 60ம் வர்றப்ப சண்டை ஆரம்பிக்கும், "எனக்கு அஞ்சாவது வரி தெரியுது", "பொய்டா, உனக்கு அந்த எழுத்து மனப்பாடம்". ஒரு வருஷம் கண்ணாடி போட்ட பொண்ணு ஒண்ணு "எங்க குரூப்புக்கு இது அநியாயம்"னு சொல்லுச்சு, எவ்ளோ சரியான பாயிண்ட்.

அந்த சண்டை முத்துனதும் கேளுங்க, "ஆளுக்கு ஆள் மாறாத மாதிரி எப்படி அளக்கலாம்?" யாராவது ஒருத்தர் லைட் அடிக்கலாம்னு சொல்லுவாங்க, சொல்லலைன்னா கொஞ்சம் காத்திருங்க. ஷூ டப்பாவுல ஒரு பக்கம் டார்ச், நடுவுல பாட்டில், அந்த பக்கம் ஃபோன். ஆண்ட்ராய்டு ஃபோன்ல ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, ஜெர்மனில ஆகன் யுனிவர்சிட்டிக்காரங்க செஞ்சது, ஃப்ரீ, அதுல லைட் சென்சார் ரீடிங் லக்ஸ்ல (வெளிச்சத்தோட அலகு) வரும். சென்சார் ஃபோனோட முன்பக்கம் மேல இருக்கும், அதை பாட்டில பாத்து வையுங்க. தெளிஞ்ச பாட்டில்ல லக்ஸ் கூடும், கலங்கல்ல குறையும். பசங்க ஃபோன் கொண்டு வரக்கூடாதுல்ல, உங்க ஃபோன் ஒண்ணே போதும்.

இப்ப ஃபோன நேரா இல்லாம பக்கவாட்டுல, டார்ச்சுக்கு செங்குத்தா வையுங்க. ரீடிங் தலைகீழா மாறிடும், கலங்கல்லதான் லக்ஸ் கூட வரும், தெளிஞ்ச தண்ணியில கம்மி. ஏன்? துகள் வெளிச்சத்த பக்கவாட்டுல சிதறடிக்குது. அதான் டிண்டால் விளைவு. நான் பத்து வருஷமா பால்ல லேசர் அடிச்சு காட்டி "இதுதான் டிண்டால், எழுதிக்கோ"ன்னு சொன்ன விஷயம், இங்க பசங்களுக்கு தேவைப்பட்டு வந்து நிக்குது. லேப்ல இருக்கிற கலங்கல் மீட்டரும் இதே 90 டிகிரி வெளிச்சத்தத்தான் அளக்குது, அதோட அலகு என்டியு. இந்திய குடிநீர் தரம் ஐஎஸ் 10500ல ஏத்துக்கத்தக்க அளவு 1 என்டியு, வேற தண்ணி ஆதாரமே இல்லைன்னா 5 வரைக்கும் போகலாம். இந்த நம்பர இந்த எடத்துல சொல்லுங்க, முன்னாடியே சொன்னா வெறும் நம்பர்.

அப்புறம் கிராஃப் ஷீட்ல படிகார அளவு கீழ, லக்ஸ் பக்கத்துல. ஆறு புள்ளி. அந்த வேகமா கலக்குன குரூப்போட புள்ளி கோட்ட விட்டு தனியா நிக்கும். அழிக்கலாமா வெச்சுக்கலாமான்னு கேளுங்க. என் கிளாஸ்ல ஓட்டு போட்டு அழிச்சாங்க, நான் தடுத்தேன், அந்த குரூப்ப மட்டும் மறுநாள் திரும்ப செய்ய வெச்சேன், ரெண்டு புள்ளியையும் கிராஃப்ல விட்டோம்.

8. மூணாவது பீரியட்: முடிவெடுக்கிறது

இது வரைக்கும் சயின்ஸ், இனிமேதான் இன்ஜினியரிங். 100தான் நல்லா தெளியுதுன்னா 100ஐயே போட்டுட்டு போலாமே, ஏன் 40? இப்ப கணக்கு. லிட்டருக்கு 40 மில்லிகிராம்னா ஒரு லட்சம் லிட்டருக்கு 4 கிலோ. 100ன்னா 10 கிலோ. தினமும். கடையில கிலோ என்ன விலைன்னு விசாரிச்சுட்டு வரச்சொல்லி வருஷ கணக்கு போட வையுங்க. போர்டு ஓரத்துல முதல் நாள் எழுதுன "ஒரு மூட்டை", "ஒரு கைப்பிடி"ய இப்ப திரும்பி பாருங்க.

சூடு புடிச்சா இன்னும் பெருசா போங்க. சென்னைக்கு தண்ணி குடுக்கிற செம்பரம்பாக்கம் பிளாண்ட் ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற அளவுக்கு கட்டுனது. லிட்டருக்கு 20 மில்லிகிராம்னு ஒரு பேச்சுக்கு வெச்சா கூட ஒரு நாளைக்கு 10.6 டன். ஒரு லாரி லோடு. "அப்ப 2 மில்லிகிராம் குறைச்சா எவ்ளோ மிச்சம்"னு ஒரு பையன் தானா கேட்டான், ஒரு டன்னுக்கு மேல. ஆறு பாட்டில எதுக்கு அவ்ளோ அக்கறையா கலக்குறாங்கன்னு அவனே அடுத்தவனுக்கு சொன்னான்.

காசு மட்டும் இல்ல, படிகாரம் கூட கூட பிஎச் இறங்கும், கீழ படியுற சேறும் கூடும், அந்த சேற எங்க கொட்டுறது? 6.5ல இருந்து 8.5க்குள்ள பிஎச் இருக்கணும்னு தரம் சொல்லுது, லிட்மஸ் பத்தாது, பிஎச் பேப்பர் வாங்கி வையுங்க. ஒவ்வொரு குரூப்பும் ஒரு அளவ தேர்ந்தெடுத்து, டேங்க் ஆபரேட்டருக்கு அரைப்பக்கம் லெட்டர் எழுதணும்: எவ்ளோ போடணும், ஏன், எதை நாங்க சரியா அளக்கல, நாளைக்கு மழை பேஞ்சா என்ன பண்ணணும்.

தேத்தாங்கொட்டைய இந்த எடத்துலதான் நான் இறக்குவேன். பாட்டிங்க பானை உள்பக்கம் உரசி தண்ணிய தெளிய வெச்ச அதே விதை, சங்கப் பாட்டுலயே உவமையா வருது. முருங்கை விதை பருப்ப அரைச்சு போட்டாலும் தெளியும், அதுல இருக்கிற நேர்மின் சுமை புரதம் படிகாரம் பண்ற வேலையதான் பண்ணுது. பசங்க உடனே "நம்ம பாட்டன் எல்லாம் கண்டுபுடிச்சிட்டான்"னு கிளம்புவாங்க. சரி, அப்ப அதையும் ஆறு பாட்டில்ல போட்டு பாருன்னு சொல்லுங்க. முருங்கை நல்லாவே தெளிஞ்சது, ஆனா ரெண்டு நாள் வெச்சா தண்ணி நாறிடுச்சு, விதையில இருந்து வந்த மத்த பொருளெல்லாம் தண்ணியில நிக்குதுல்ல. வீட்டு பானைக்கு சரி, ஊரு டேங்க்குக்கு யோசிக்கணும்.

ஒரு எச்சரிக்கை, இதை சத்தமா சொல்லுங்க: தெளிஞ்ச தண்ணிய யாரும் குடிக்கக்கூடாது. தெளிவு வேற, சுத்தம் வேற. கிருமி அப்படியே இருக்கும், அதுக்கு குளோரினோ கொதிக்க வெக்கிறதோ வேணும், பிளீச்சிங் பவுடர பசங்க கையில குடுக்காதீங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், அதுல ஃபுளோரைடு, பல்லு கறை ஆகும் எலும்பு கெடும், அதனாலதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு.

9. மார்க் எப்படி போடுறது

தெளிஞ்ச பாட்டிலுக்கு மார்க் போட்டா அடுத்த தடவ எல்லாரும் ரீடிங்க ஜோடிப்பாங்க, நாம ரெக்கார்ட் நோட்டு எழுதுனப்ப ஜோடிக்கலையா என்ன. அதனால 20 மார்க்ல 8 லெட்டர்ல சொல்ற காரணத்துக்கு, 6 டேட்டா எழுதுன நேர்மைக்கு (அடிச்சு திருத்துனதும் தெரியணும், ஒயிட்னர் போட்டா மார்க் கட்), 4 கிராஃபுக்கு, 2 அடுத்த குரூப்ப கேட்ட ஒரு நல்ல கேள்விக்கு. பிராக்டிகல்ல கம்மி மார்க் வாங்குற பசங்க சில பேரு இதுல மேல வருவாங்க, சுத்தமா எழுதுறவங்க சில பேரு தடுமாறுவாங்க, பேரண்ட்ஸ் மீட்டிங்ல அதுக்கு பதில் தயாரா வெச்சுக்கோங்க.

10. வேலை பாக்குற ஆளை வரவைங்க

புரொஃபசர கூப்பிட்டா ஸ்பீச் குடுத்துட்டு போயிடுவாரு. நான் எங்க ஊரு டேங்க் ஆபரேட்டர் அண்ணன கூப்பிட்டேன். பசங்க எழுதுன லெட்டர படிச்சுட்டு சிரிச்சாரு, "தம்பி, நம்ம டேங்க்ல படிகாரமே போடுறதில்லப்பா". கிளாஸே அமைதி. எனக்கு வேர்த்துடுச்சு. அப்புறம் அவரே சொன்னாரு, நமக்கு வர்றது போர் தண்ணி, மண்ணு வடிகட்டிதான் பூமியே அனுப்புது, கலங்கல் வராது, நான் குளோரின் மட்டும்தான் போடுறேன், ஆத்து தண்ணி ஏரி தண்ணி எடுக்கிற ஊருலதான் நீங்க சொல்றது. நிலத்தடி நீர், மேல்பரப்பு நீர்னு நான் ஒரு பீரியட் எடுத்திருப்பேன், அவரு ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டாரு. கடைசி வீட்டு குழாய்ல குளோரின் வருதான்னு எப்படி செக் பண்றதுன்னும் காட்டுனாரு, குறைஞ்சது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் நிக்கணும்.

வர்றவருக்கு முன்னாடியே ரெண்டு கேள்வி குடுத்துடுங்க: "நீங்க ஏமாந்த ஒரு நாள் எது?", "எதை பாத்து முடிவெடுக்கிறீங்க?" சால்வை எல்லாம் வேணாம், டீயும் வடையும் வாங்கி குடுங்க, பஸ் காசு குடுங்க.

11. உங்க துறை தண்ணி இல்லைன்னா

இதே அச்சுல எதையும் வார்க்கலாம். பிசிக்ஸ் எடுக்கிறவங்களுக்கு சந்திரயான் கையிலயே இருக்கு. 2019ல சந்திரயான்-2 லேண்டர் மோதி போச்சு, 2023 ஆகஸ்ட் 23ல சந்திரயான்-3 இறங்குச்சு. நடுவுல என்ன மாத்துனாங்கங்கிறதுதான் பாடம். எது எது தப்பா போகலாம்னு முதல்ல பட்டியல் போட்டுட்டு டிசைன் பண்ணாங்க. லேண்டர் காலு தாங்குற இறங்கு வேகத்த செகண்டுக்கு 2 மீட்டர்ல இருந்து 3 ஆக்குனாங்க. "ஒண்ணுதான் கூடுச்சு"ன்னு பசங்க சொல்லுவாங்க, இயக்க ஆற்றல் சூத்திரத்துல போட சொல்லுங்க, வேகத்தோட வர்க்கம், 4ல இருந்து 9, ரெண்டேகால் மடங்கு. அப்புறம் பேப்பர் ஸ்ட்ரால கால் செஞ்சு முட்டைய இறக்குற போட்டி வையுங்க, ஆனா முதல் தடவ ஒடஞ்ச முட்டைக்கு "ஏன் ஒடஞ்சது"ன்னு அறிக்கை எழுதாம ரெண்டாவது முட்டை கெடையாது. கூடவே ஒண்ணு, நிலாவுல இறங்குறத பரிசோதிக்க இஸ்ரோ தயார் பண்ண போலி நிலா மண்ணுல நாமக்கல் பக்கத்து பாறையும் உண்டு, அனார்த்தசைட்னு பேரு. அந்த ஊரு டீச்சருங்களுக்கு பாடம் காலடியிலயே கெடக்கு.

பசங்க இந்த தண்ணி வேலைய இன்னும் கொண்டு போகணும்னு நின்னா தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்புங்க, 10ல இருந்து 17 வயசு வரைக்கும், சொந்த ஊரு பிரச்சனைய எடுத்து ஆராயணுங்கிறதுதான் அதோட அடிப்படையே. நம்ம மாநிலத்துல தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்துது. எங்க பசங்க மாவட்டத்தோட நின்னுட்டாங்க, அது வேற கதை.

12. அடுத்த ஜூனுக்கு எடுத்து வைக்க வேண்டியது

அந்த லேப்புக்கு ஒரு லெட்டர் போடுங்க, பசங்க கிராஃப் ஒண்ணு சேத்து. நான் அனுப்புனதுக்கு அந்த டெக்னீசியன் அண்ணன் ஃபோன் பண்ணி "40க்கும் 60க்கும் நடுவுல 50 ஒண்ணு போட்டு பாக்கலையா"ன்னு கேட்டாரு, அடுத்த வருஷத்து பாடம் அதுலயே ஆரம்பிச்சது. பாட்டில கழுவி கவுத்து வையுங்க, சிரிஞ்ச் அடுத்த வருஷம் புடிச்சுக்கும், புதுசு வாங்குங்க. படிகார கரைசல் வெக்காதீங்க, அப்பப்ப புதுசா செய்யுங்க. மண்ண காய வெச்சு டப்பாவுல போட்டு, எந்த கண்மாய், எந்த மாசம் எடுத்ததுன்னு லேபிள் ஒட்டுங்க, ஒவ்வொரு கண்மாய் மண்ணும் வேற வேற அளவு கேக்கும். நான் ஒட்டாம விட்டு ரெண்டு டப்பா மண்ண அப்படியே மரத்தடியில கொட்டுனேன், எது பெரிய கண்மாய் எது சின்ன கண்மாய்னு எனக்கே தெரியல.